கல்லீரலில் நீர்க்கட்டியா... ஊசி போடும் முன் ஒரு கேள்வி: வீட்டில் ஆடு, நாய் உண்டா?

திண்டுக்கல்லிலிருந்து திருச்சி போகும் நான்குவழிச் சாலையில் வடமதுரையைத் தாண்டினால் அய்யலூர். வியாழக்கிழமை என்றால் பொழுது விடிவதற்குள் அங்கே ஆட்டுச் சந்தை களைகட்டிவிடும். டூவீலரில் மடியில் குட்டியை வைத்துக்கொண்டு வருபவர்கள், மினி லாரியில் முப்பது நாற்பது உருப்படிகளை ஏற்றி வருபவர்கள், துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசும் தரகர்கள் என்று ஒரே கூட்டம். தீபாவளி, ரம்ஜான், பக்ரீத் சமயங்களில் இந்தச் சந்தை டிவி செய்தியிலேயே வந்துவிடும். வேடசந்தூர், குஜிலியம்பாறை, நத்தம் எனச் சுற்றுவட்டாரம் முழுக்கவே ஆடு ஒரு நடமாடும் சேமிப்புக் கணக்கு. பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட ஒரு கிடா, மருத்துவச் செலவுக்கு ஒரு பெட்டை.

ஆடு இருக்கும் இடத்தில் நாயும் இருக்கும். பட்டிக்குக் காவல், கிடை போட்ட வயலில் ராத்திரித் துணை, கறிக்கடை வாசலில் வால் ஆட்டும் தெருநாய். இந்தக் கட்டுரை அந்த நாய்க்கும் ஆட்டுக்கும் நடுவே சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு புழுவைப் பற்றியது. அந்தச் சுற்றில் மனிதர் தவறி நுழைந்துவிட்டால், அவருடைய கல்லீரலில் ஒரு நீர்க்கட்டி வளர ஆரம்பிக்கும். பத்து வருடம்கூட அது அடையாளம் காட்டாது. பெயர், ஹைடாடிட் நீர்க்கட்டி.

அடிக்கடி பார்க்கும் நோய் இல்லை. ஆனால், இந்தியாவில் இது அதிகம் பதிவாகும் மாநிலங்கள் என்று மருத்துவப் புத்தகங்கள் ஆந்திராவையும் தமிழ்நாட்டையும்தான் சொல்கின்றன. ஆந்திராவின் கர்னூலில் இந்த நோய் எப்படிப் பரவுகிறது என்று 1968-லேயே ஆய்வுக் கட்டுரை வெளியாகியிருக்கிறது. கர்னூலும் நம் ஊர் மாதிரியே வறண்ட, ஆடு மேய்க்கும் பூமி.

புழு நாய்க்குள்... கட்டி ஆட்டுக்குள்!

எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ் என்பது இந்த நாடாப்புழுவின் பெயர். நாடாப்புழு என்றதும் மீட்டர் கணக்கில் நீளமாகக் கற்பனை செய்யாதீர்கள். இதன் நீளம் 2 முதல் 7 மில்லிமீட்டர்தான், ஓர் அரிசிமணிக்குள் அடங்கிவிடும். நாயின் சிறுகுடலில் ஒட்டிக்கொண்டு வாழும். நாய்க்குப் பெரிதாக எந்தத் தொந்தரவும் இருக்காது. அது நன்றாகச் சாப்பிடும், நன்றாகக் குரைக்கும். அதன் கழிவோடு கண்ணுக்குத் தெரியாத முட்டைகள் மட்டும் வெளியே வந்துகொண்டே இருக்கும்.

அந்த முட்டை புல்லில் விழும். ஆடு மேயும்போது வயிற்றுக்குள் போகும். அங்கே பொரிந்து வரும் கரு, குடல் சுவரைத் துளைத்து ரத்தத்தில் கலந்து, முதல் ஸ்டேஷனான கல்லீரலுக்குப் போய்ச் சேரும். அங்கேயே தங்கி நீர் நிறைந்த பையாக வளரும். அதைத் தாண்டினால் நுரையீரல். ஆடு வெட்டும்போது ஈரலிலோ நுரையீரலிலோ வெள்ளையாக ஒரு நீர்ப்பை தெரிந்தால், கடைக்காரர் அந்தப் பகுதியை அறுத்து ஓரமாக வீசுவார். காத்துக்கொண்டிருக்கும் நாய்க்கு அன்றைக்கு விருந்து. பைக்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான புழுத் தலைகள் நாயின் குடலில் ஒட்டிக்கொள்ள, சில வாரங்களில் அதே நாய் மறுபடி முட்டை போட ஆரம்பிக்கும். ஆடு, மாடு, எருமை, பன்றி என எதுவும் இந்தச் சுற்றில் இடைநிலை வீடாகலாம்.

மனிதர் இந்தக் கதையில் அழையாத விருந்தாளி. நாயைத் தடவிய கையோடு சாப்பிடுவது, மண்ணில் விளையாடிய குழந்தை விரல் சூப்புவது, சரியாகக் கழுவாத கீரை, கொத்தமல்லி, மூடாத தண்ணீர்த் தொட்டி... இப்படி ஏதோ ஒரு வழியில் முட்டை நம் வயிற்றுக்குள் போய்விடுகிறது. ஆட்டுக்குள் நடந்தது அப்படியே நமக்குள்ளும் நடக்கும். சுமார் 70 சதவிகிதம் பேருக்குக் கல்லீரல், சுமார் 20 சதவிகிதம் பேருக்கு நுரையீரல். மீதிப் பேருக்கு மண்ணீரல், சிறுநீரகம், மூளை, எலும்பு என்று எங்கே வேண்டுமானாலும்.

அப்போ... பிரியாணி?

இந்தக் கட்டுரைக்காகக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து சீட்டிலிருந்து வந்த முதல் கேள்வியே இதுதான். திண்டுக்கல் என்றால் பூட்டு, அடுத்து பிரியாணிதானே! பதில்: தாராளமாகச் சாப்பிடலாம். ஆட்டுக்கறி சாப்பிடுவதால் இந்த நோய் மனிதருக்கு வராது. ஆட்டின் உடலில் இருப்பது நீர்க்கட்டி, அது நாயின் வயிற்றுக்குள் போனால்தான் புழுவாகும். நம்மைத் தாக்குவது நாயின் கழிவிலிருந்து வரும் முட்டை மட்டுமே. ஆக, சுத்த சைவக் குடும்பத்தில் பிறந்து, வாழ்நாளில் கறியே தொடாதவருக்கும் ஹைடாடிட் வரலாம்.

இன்னொரு சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. கட்டி இருப்பவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் தேவையில்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டலாம். கல்யாணம் பேசும் பெண்ணுக்கு ஸ்கேனில் இப்படி ஒரு கட்டி தெரிந்தால், அதை ஒளித்து வைக்க வேண்டிய 'தொற்றுநோய்' மாதிரி நடத்த வேண்டிய அவசியமே கிடையாது.

'கேஸ்' என்று நினைத்த பத்து வருடம்

ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வேடசந்தூர் பக்கம், வயது 45. பதினைந்து ஆடு, ஒரு நாய், கொஞ்சம் மானாவாரி நிலம். வலதுபக்க விலா எலும்புக்குக் கீழே அடிக்கடி ஒரு பாரம். சாப்பிட்டால் சீக்கிரம் வயிறு நிறைந்த மாதிரி இருக்கிறது. 'கேஸ்தான்' என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுகிறார். கொஞ்ச நாள் சரியாக இருக்கிறது, மறுபடி வருகிறது. 'அல்சராக இருக்கும்' என்று மனைவி சொல்கிறார். சீரகத் தண்ணீர், ஓமத் தண்ணீர். இப்படியே வருடங்கள் ஓடுகின்றன.

இந்தக் கட்டி வளரும் விதம் அப்படி. பெரும்பாலும் வருடத்துக்கு ஓரிரு சென்டிமீட்டர். கல்லீரல் பெரிய உறுப்பு, உள்ளே வலி உணரும் நரம்புகளும் இல்லை. அதனால் கட்டி தேங்காய் அளவுக்கு வந்து, பக்கத்து உறுப்புகளையோ கல்லீரலின் மேலுறையையோ அழுத்தும் வரை பலருக்கு ஒன்றுமே தெரியாது. சிறுவயதில் உள்ளே போன முட்டை, முப்பது வயதில் ஸ்கேனில் தெரிவது சர்வ சாதாரணம். கர்ப்பகால ஸ்கேன், பித்தப்பைக் கல்லுக்கான ஸ்கேன், ஏன், மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில்கூடத் தற்செயலாகக் கண்ணில் படுவதுண்டு.

கட்டி அமைதியாக இருக்கும்வரை சரி. அது மூன்று விதமாக வாய் திறக்கும். பித்தநாளத்துக்குள் உடைந்தால், உள்ளிருக்கும் சவ்வுத் துண்டுகள் நாளத்தை அடைத்து மஞ்சள்காமாலையும் குளிர்க்காய்ச்சலும் வரும். நம் ஊரில் மஞ்சள்காமாலை என்றதும் கீழாநெல்லி அரைத்துக் குடித்துவிட்டுக் காத்திருப்பார்கள். அடைப்பால் வரும் காமாலைக்கு அந்தக் காத்திருப்பு ஆபத்து. இரண்டாவது, கட்டிக்குள் கிருமி தொற்றிச் சீழ் பிடிப்பது. மூன்றாவதுதான் பயங்கரம். பைக்கிலிருந்து விழுந்தோ, மாடு முட்டியோ, வயிற்றில் பலமாக அடிபட்டோ கட்டி வயிற்றுக்குள்ளேயே உடைந்துவிடுவது. கட்டிக்குள் இருக்கும் நீரில் நம் உடலுக்கு அந்நியமான புரதங்கள் நிறைய உண்டு. அவை திடீரெனப் பரவினால் உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத்திணறல், ரத்த அழுத்தம் சரிதல் என்று சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை அதிர்ச்சி வரலாம். அதிலிருந்து பிழைத்தாலும், சிந்திய நீரில் இருந்த ஒவ்வொரு புழுத் தலையும் வயிற்றுச் சுவரில் ஒட்டிப் புதுப்புதுக் கட்டியாக முளைக்கும்.

இந்த மூன்றாவது ஆபத்து விபத்தால்தான் வரும் என்பதில்லை. கட்டி என்னவென்று தெரியாமல் போடும் ஓர் ஊசியாலும் வரலாம்.

சீழ்க்கட்டியா... ஹைடாடிட்டா?

தமிழ்நாட்டில் கல்லீரலில் கட்டி என்றால் டாக்டர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அமீபா சீழ்க்கட்டி. சுத்தமில்லாத தண்ணீராலும் உணவாலும் பரவுவது, மது குடிப்பவர்களிடம் அதிகம் பார்க்கப்படுவது. காய்ச்சலும் வலியுமாகச் சில நாள்களில், சில வாரங்களில் ஆளைப் படுக்கவைத்துவிடும். மருந்தோடு, தேவைப்பட்டால் ஊசி போட்டுச் சீழை உறிஞ்சி எடுப்பார்கள். அந்த நோய்க்கு அது சரியான, உயிர் காக்கும் சிகிச்சை.

அதே ஊசியை எந்த முன்னேற்பாடும் இல்லாமல் ஹைடாடிட்டில் போட்டால்? மேலே சொன்ன மூன்றாவது ஆபத்துதான். ஆகவே, கல்லீரல் கட்டி விஷயத்தில் 'இது என்ன கட்டி' என்ற கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகே 'எப்படி எடுப்பது' என்ற பேச்சு வர வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது.

நல்ல செய்தி என்னவென்றால், பெரும்பாலான நேரம் சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேனே பதில் சொல்லிவிடும். ஹைடாடிட்டுக்கென்று சில முகங்கள் உண்டு. இளம் கட்டி, இரட்டைக்கோடு போட்ட சுவரோடு சுத்தமான நீர்ப்பையாகத் தெரியும். வளர்ந்த கட்டிக்குள் குட்டிக்கட்டிகள் நிறைந்து தேன்கூடு மாதிரி இருக்கும். உள்சவ்வு பிரிந்துவிட்டால், குளத்தில் மிதக்கும் அல்லி இலைபோல நீரில் அலையும். அதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயரே 'அல்லி அடையாளம்'தான். வயதாகிச் செயலிழந்த கட்டி, உருட்டி வைத்த நூல்கண்டு போலத் தெரியும். கடைசியில் சுவரில் சுண்ணாம்பு படிந்து முட்டை ஓடு மாதிரி இறுகிவிடும். துனிசியாவைச் சேர்ந்த ஹசன் கார்பி என்ற ஸ்கேன் நிபுணர் 1981-ல் இந்த முகங்களை வகைப்படுத்தினார். பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அதை விரித்து, சி.இ.1 முதல் சி.இ.5 வரை எண் கொடுத்தது. உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டில் அந்த எழுத்துகள் இருந்தால் பயப்பட வேண்டாம். அது நோயின் தீவிரம் அல்ல, கட்டியின் வயதும் நிலையும். சொல்லப்போனால், எண் பெரிதாக இருந்தால் புழு செத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்!

சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேன், பித்தநாளம் சம்பந்தப்பட்டிருந்தால் எம்.ஆர்.ஐ. ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் பார்க்கும் எலைசா பரிசோதனையும் உதவும். ஆனால், 'எலைசா நெகட்டிவ், ஆகவே ஹைடாடிட் இல்லை' என்று முடிவு கட்ட முடியாது. கட்டியின் சுவர் இறுக்கமாக இருந்தால் உள்ளே இருப்பது ரத்தத்துக்குத் தெரியாமலே போகலாம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு செலவில்லாத பரிசோதனை இருக்கிறது. 'வீட்டில் ஆடு வளர்க்கிறீர்களா, நாய் இருக்கிறதா, சின்ன வயதில் இருந்ததா?' என்ற கேள்வி. ஓ.பி.யில் நூறு பேர் நிற்கும்போது டாக்டர் கேட்க மறந்தால் நீங்களே சொல்லிவிடுங்கள். இப்போது திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவராக இருக்கலாம், பத்து வயதில் தாத்தாவோடு ஆடு மேய்த்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். கட்டிக்கு அந்த வயதிலேயே விதை விழுந்திருக்கலாம்.

ஒரு சொட்டுகூடச் சிந்தக் கூடாது!

ஹைடாடிட் ஆபரேஷன், மற்ற ஆபரேஷன்களைப் போல 'வெட்டு, எடு, தை' கிடையாது. ஒரு பலூனில் தண்ணீர் நிரப்பி, அதை உங்கள் புதுப் பட்டுப்புடவையின் மேல் வைத்துக் காலி செய்யச் சொன்னால் எப்படிச் செய்வீர்கள்? ஒரு சொட்டுகூடப் புடவையில் படக் கூடாது. கிட்டத்தட்ட அந்த வேலை.

ஆபரேஷனுக்குச் சில நாள்கள் அல்லது சில வாரங்கள் முன்பே அல்பெண்டசோல் மாத்திரையை ஆரம்பித்துவிடுவார்கள். கட்டிக்குள் உயிரோடு இருக்கும் புழுத் தலைகளைப் பலவீனப்படுத்தவும், உள் அழுத்தத்தைக் குறைக்கவும் இது உதவும். மயக்க மருந்து நிபுணர், ஒவ்வாமை அதிர்ச்சி வந்தால் சமாளிக்க அட்ரினலின் உள்ளிட்ட மருந்துகளைத் தயாராக எடுத்து வைத்திருப்பார். வயிற்றைத் திறந்ததும் கட்டியைச் சுற்றி, புழுவைக் கொல்லும் திரவத்தில் நனைத்த துணிகளை அணைபோல அடுக்குவார்கள். இதற்கு அதிகம் பயன்படுவது அடர்த்தியான உப்புக் கரைசல். ஆமாம், உப்புத்தான்! 20 சதவிகித அடர்த்தியில், புழுத் தலையிலிருந்து நீரை உறிஞ்சிக் கொன்றுவிடும். முன்பு ஃபார்மலினைக்கூடப் பயன்படுத்தினார்கள். அது பித்தநாளத்துக்குள் கசிந்தால் நாளமே தழும்பேறிச் சுருங்கிவிடுகிறது என்று தெரிந்த பிறகு கைவிட்டார்கள்.

பிறகு கட்டியைத் துளைத்து நீரை உறிஞ்சுவார்கள். உயிருள்ள கட்டியின் நீர், ஊற்றுத் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். நீர் வடிந்ததும் உள்ளே வெள்ளையாக, இளம் நுங்குபோல வழுக்கும் ஒரு சவ்வு சுருண்டு கிடக்கும். புழு கட்டிய வீடு அதுதான். அதை முழுசாக எடுக்க வேண்டும். கூடவே திராட்சைப் பழம் மாதிரி குட்டிக்கட்டிகள் இருந்தால், ஒவ்வொன்றையும் பொறுக்கி எடுக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் அது சில வருடங்களில் தாய்க்கட்டியாகத் திரும்பி வரும்.

எல்லாம் எடுத்த பிறகு கல்லீரலில் ஒரு குழி மிஞ்சும். அதன் சுவரில் பித்தநாளத்தின் நுண்ணிய வாய்கள் திறந்திருக்கலாம். வெள்ளைத் துணியை உள்ளே வைத்துப் பார்ப்பார்கள், மஞ்சள் கறை பட்டால் அந்த இடத்தைத் தேடித் தைக்க வேண்டும். குடலுக்கு மேலே ஏப்ரன் மாதிரித் தொங்கும் கொழுப்புத் திரையை இழுத்து, அந்தக் குழிக்குள் திணித்து வைப்பதும் உண்டு. உடம்பிலேயே இருக்கும் ஒட்டுத்துணி! இத்தனை செய்தும் ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு ட்யூப் வழியாகச் சில நாள்கள் பித்தநீர் கசியும். பெரும்பாலும் தானே நின்றுவிடும். நிற்காவிட்டால், வாய்வழியாக எண்டோஸ்கோப்பைச் செலுத்திப் பித்தநாளத்தில் ஸ்டென்ட் வைக்கும் இ.ஆர்.சி.பி. சிகிச்சை தேவைப்படலாம். ட்யூபில் மஞ்சளாக வருவதைப் பார்த்து 'ஆபரேஷன் ஃபெயிலியர்' என்று குடும்பம் கலங்குவது வழக்கம். இது இந்த ஆபரேஷனில் எதிர்பார்க்கப்படும் ஒன்று என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதிப் பதற்றம் குறையும்.

இதில் நம் கொங்குப் பக்கத்துப் பங்களிப்பு ஒன்று உண்டு. லேப்ராஸ்கோப்பி வந்த புதிதில் ஹைடாடிட்டுக்கு அதைப் பயன்படுத்தப் பல சர்ஜன்கள் தயங்கினார்கள். காரணம், காற்று நிரப்பிய வயிற்றுக்குள் கட்டியைத் துளைக்கும்போது சிந்திவிட்டால் அணைபோடக் கை இருக்காது. கோவை ஜெம் மருத்துவமனையின் நிறுவனர் டாக்டர் சி.பழனிவேலு இதற்கென்றே ஒரு கருவியை வடிவமைத்தார். மருத்துவ உலகில் அதற்கு 'பழனிவேலு ஹைடாடிட் சிஸ்டம்' என்றே பெயர். கட்டியின் மேல் அழுத்திப் பிடிக்கும் ஒரு குழாய். துளைக்கும் நேரத்தில் சுற்றி எது கசிந்தாலும் அதை அந்தக் கணமே உறிஞ்சிவிடும். துளைத்த பிறகு கேமராவை உள்ளே விட்டு, சவ்வும் குட்டிக்கட்டிகளும் மிச்சமிருக்கின்றனவா என்று கட்டிக்குள்ளேயே எட்டிப் பார்க்கவும் முடியும். 66 நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சையின் முடிவுகளை அவருடைய குழு 2006-ல் மருத்துவ இதழில் வெளியிட்டது. சராசரியாக 5.8 வருடங்கள் கண்காணித்ததில் யாருக்கும் நோய் திரும்பவில்லை என்று அது சொல்கிறது.

அதற்காக எல்லாக் கட்டிக்கும் லேப்ராஸ்கோப்பி பொருந்தாது. கல்லீரலின் பின்பக்கம் ஆழத்தில் இருப்பது, பெரிய ரத்தக்குழாயை ஒட்டியது, பல கட்டிகள் என்றால் வயிற்றைத் திறப்பதுதான் பாதுகாப்பு. 'சின்னத் துளைதான் வேண்டும்' என்று டாக்டரை வற்புறுத்துவதைவிட, 'இந்த ஆபரேஷனை இதற்கு முன் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?' என்று கேட்பது பிரயோஜனமான கேள்வி என்பது என் எண்ணம். கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

எல்லோருக்கும் கத்தி வேண்டாம்

சுண்ணாம்பு படிந்து இறுகிய, தொந்தரவு தராத கட்டியை அப்படியே விட்டுவிட்டு அவ்வப்போது ஸ்கேன் செய்தால் போதும். 5 சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கும் இளம் கட்டிகள் பல, மாத்திரையிலேயே அடங்கிவிடும்.

அல்பெண்டசோல் என்றதும் 'பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரை கொடுத்தார்களே, அதுதானே?' என்று கேட்பீர்கள். மருந்து அதேதான். ஆனால், குடல் பூச்சிக்குக் கொடுப்பது 400 மில்லிகிராம், ஒரே ஒரு முறை. ஹைடாடிட்டுக்கு உடல் எடைக்கு ஏற்ற அளவில், தினம் இரு வேளையாக, மாதக்கணக்கில். கொழுப்புச் சத்துள்ள சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். இடையிடையே கல்லீரல் செயல்பாட்டையும் ரத்த அணுக்களையும் டெஸ்ட் செய்ய வேண்டும். கர்ப்பிணிகள், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் தொடவே கூடாது. மெடிக்கலில் நாமாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் விஷயம் இல்லை இது.

நடுவில் ஒரு வழியும் உண்டு. 1980-களில் வந்த 'பேர்' என்ற முறை. ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியால் நீரை உறிஞ்சி, புழுக்கொல்லித் திரவத்தை உள்ளே செலுத்தி, சற்று நேரம் கழித்து மறுபடி உறிஞ்சி எடுப்பது. 'ஊசியே போடக் கூடாது என்று சொன்னீர்களே!' என்று நீங்கள் கேட்கலாம். வித்தியாசம், முன்னேற்பாட்டில் இருக்கிறது. கட்டி எது என்று தெரிந்து, அதற்கு ஏற்ற நிலையில் இருந்து, மாத்திரை முன்பே ஆரம்பித்து, அவசர மருந்துகளும் மயக்க மருந்து நிபுணரும் பக்கத்தில் இருக்கும்போது செய்வது. உறிஞ்சிய நீரில் பித்தம் கலந்திருந்தால் மருந்தைச் செலுத்தாமல் நிறுத்திவிடுவார்கள்.

எந்த வழியில் சரியானாலும் வருடக்கணக்கில் தொடர் ஸ்கேன் அவசியம். டிஸ்சார்ஜ் சம்மரியையும் பழைய ஸ்கேன் படங்களையும் பத்திரப்படுத்துங்கள். அடுத்த டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்க அவைதான் ஆதாரம்.

திண்டுக்கல்காரர்கள் எங்கே போவது? முதல் ஸ்கேனுக்கு அலைய வேண்டாம். மாவட்டத் தலைமை மருத்துவமனை இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று. பெரிய, சிக்கலான கட்டி என்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்பலாம். அட்மிஷனுக்கு முன் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட கார்டை எடுத்துக்கொண்டு, மருத்துவமனையில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட கவுன்டரில் உங்கள் சிகிச்சைக்கு அனுமதி உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

ஐஸ்லாந்தில் ஒரு குட்டிப் புத்தகம்

உலகம் முழுக்க எந்த நேரத்திலும் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் இந்தப் புழுக் குடும்பம் தரும் நோயோடு இருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால், இதை ஒழித்துக் காட்டிய நாடும் உண்டு. 19-ம் நூற்றாண்டில் இந்த நோய் மிக அதிகமாக இருந்த நாடுகளில் ஒன்று ஐஸ்லாந்து. அங்கேயும் ஆடுகள், காவலுக்கு நாய்கள். டென்மார்க்கைச் சேர்ந்த ஹரால்ட் கிராபே அங்கே போய் நாய்களை அறுத்துப் பார்த்ததில், நான்கில் ஒன்றுக்கு மேல் இந்தப் புழு இருந்தது. அவர் 1864-ல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். நாய்க்குப் பச்சைக் குடல், ஈரலைப் போடாதீர்கள், புதைத்துவிடுங்கள் என்பதுதான் சாராம்சம். அது வீடு வீடாக இலவசமாகக் கொடுக்கப்பட்டது. நீண்ட குளிர்கால இரவுகளில் படிக்க வேறு என்ன இருக்கிறது? மக்கள் படித்தார்கள், படித்தபடி செய்தார்கள். சட்டம் எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஆபரேஷன் தியேட்டர்களும் மாத்திரைகளும் வருவதற்கு வெகு காலம் முன்பே அங்கே நோய் இறங்கத் தொடங்கிவிட்டது.

நம் ஊரில் கறிக்கடையைவிட நான் அதிகம் கவலைப்படும் இடம் கிடாவெட்டு. குலதெய்வக் கோயிலில் நேர்த்திக்கடனுக்கு இருபது முப்பது கிடா வெட்டி, அங்கேயே அடுப்பு மூட்டிக் கறிவிருந்து நடக்கும். பந்தி பார்க்கவும் மொய் எழுதவும் ஆள் இருப்பார்கள். கழிவைப் பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள். சுற்றிலும் நாய்கள். காலையில் ஒரு ஆழமான குழி வெட்டி வைத்து, நீர்ப்பை தெரியும் ஈரல், நுரையீரல், சுவரொட்டி எதுவானாலும் அதற்குள் போட்டு, நாய் தோண்ட முடியாதபடி மூடினால் போதும். நாய்க்குப் போட்டே ஆக வேண்டும் என்றால், அரை மணி நேரமாவது நன்றாகக் கொதிக்கவைத்துப் போடலாம். கட்டிக்குள் இருக்கும் புழு அதில் செத்துவிடும்.

இதைப் படித்துவிட்டு நாயை விரட்ட வேண்டாம். சோறும் வெந்த கறியும் சாப்பிடும் வீட்டு நாயால் ஆபத்து மிகக் குறைவு. பட்டியில் காவல் இருக்கும் நாய், கறிக்கடைப் பக்கம் சுற்றிவிட்டு வரும் நாய் என்றால், அரசு கால்நடை மருந்தகத்தில் காட்டி, எத்தனை வாரத்துக்கு ஒருமுறை குடற்புழு நீக்க மாத்திரை தர வேண்டும் என்று கேளுங்கள். ரேபிஸ் தடுப்பூசி போடப் போகும்போதே கேட்டுவிடலாம். நாடாப்புழுவுக்கு வேலை செய்யும் மருந்து பிராசிகுவான்டல். எல்லாப் பூச்சி மாத்திரையிலும் அது இருக்காது, அதனால் பெயரைச் சொல்லியே கேட்பது நல்லது. மாத்திரை புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. எனவே, மாத்திரை கொடுத்த பிறகு இரண்டு நாள் நாயைக் கட்டி வைத்து, அதன் கழிவை மண்வெட்டியால் அள்ளி ஆழமாகப் புதைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.